தலையில் ஒரு மின்விசிறி: மரம் கடைவோரின் மூச்சுக் கவசம்

கார் நிற்க வேண்டிய இடத்தில் லேத் நிற்கும் வீடுகள் நம்மிடையே இப்போது சில உண்டு. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி எல்லாரும் வீட்டுக்குள் அடைபட்டபோது சிலர் ரொட்டி சுடப் பழகினார்கள். சிலர் மீன் தொட்டி வைத்தார்கள். என்னைப் போன்ற சிலர் மேசைமேல் வைக்கும் சிறிய லேத் ஒன்றை வாங்கி, காணொளி பார்த்து மரம் கடையத் தொடங்கினோம். கட்டுப்பாடு போய்விட்டது. லேத் போகவில்லை.

கடைசல் நமக்குப் புதிய வேலை அல்ல. மத்து, சப்பாத்திக் குழவி, தொட்டில் கம்பு, பம்பரம் எல்லாம் கடைசல்தான். அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமான்களை வைத்து விளையாடிய பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். இங்கே கிளந்தானிலும் மலாக்காவிலும் மலாய்க்காரர்கள் சுற்றும் பெரிய காசிங் பம்பரங்களும் சுழலும் மரத்தில் உளி வைத்து உருவாக்கப்படுபவையே. விழுந்த ரம்புத்தான் மரத்தின் ஒரு துண்டு மாலைக்குள் கிண்ணமாகிவிடும். அந்த மகிழ்ச்சிக்கு ஈடாக வேறு பொழுதுபோக்கு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இந்தக் கட்டுரை கிண்ணத்தைப் பற்றியது அல்ல. கிண்ணம் கடையும்போது என் தலையில் இருக்கும் பொருளைப் பற்றியது. முன்னால் கண்ணாடி போன்ற தகடு, மேலே ஒரு சிறிய மோட்டார், உள்ளே வடிகட்டி, பேட்டரி. எங்கள் வரிசையில் உள்ள பிள்ளைகள் என்னை ‘ரோபோ அங்கிள்’ என்கிறார்கள். எதிர்வீட்டு அண்ணன் ஒருநாள் வேலியோரம் நின்று, “என்ன தம்பி, கிண்ணம் செய்றியா, நிலாவுக்குப் போறியா?” என்று கேட்டார். விலையைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. “ஒரு முகமூடிக்கு ஆயிரம் வெள்ளிக்கு மேலயா? எதுக்கு?” என்றார்.

நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம்.

நறுமணமான நஞ்சு

மரத்தூளை யாரும் நஞ்சாக நினைப்பதில்லை. கோழிக்கூண்டில் போடுகிறோம், பூச்செடிக்கு அடியில் போடுகிறோம், மணமாக வேறு இருக்கிறது. ஆனால் உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இல் மரத்தூளை முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்குப் போதிய சான்று உள்ளவை மட்டுமே அந்தப் பிரிவில் இருக்கும். சிகரெட் புகையும் கல்நாரும் அதே பட்டியல்தான். ஆபத்தின் அளவு மூன்றுக்கும் ஒன்றே என்று இதற்குப் பொருள் அல்ல. சான்று அந்த அளவுக்கு உறுதியானது என்றுதான் பொருள்.

அந்தச் சான்று எங்கிருந்து வந்தது என்பது சுவையான வரலாறு. இங்கிலாந்தில் ஹை விக்கம் என்ற ஊர் நாற்காலி செய்வதற்குப் பேர்போனது. அங்கே 1960களில் எஸ்மி ஹாட்ஃபீல்ட் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர், மூக்கின் உட்பகுதியில் வரும் அரிய வகைப் புற்றுநோய் தம்மிடம் வருவோரிடையே அடிக்கடி தென்படுவதைக் கவனித்தார். அவர்களில் பலர் மரச்சாமான் தொழிலாளிகள். 1968இல் அந்த ஆய்வு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. நோய் தலைகாட்டப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதுதான் இதில் பொல்லாத பகுதி. இன்று இழுக்கும் தூளுக்கு இன்று இருமல் வரலாம், வராமலும் போகலாம். கணக்கு எங்கோ எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும்.

எங்கள் பெரியப்பா மூவாரில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உப்புத்தாள் தேய்க்கும் பிரிவில் இருந்தவர். மூக்கைச் சுற்றி ஒரு துண்டு கட்டிக்கொள்வார், அவ்வளவுதான் பாதுகாப்பு. அவருக்குப் புற்றுநோய் எதுவும் இல்லை, நல்லவேளை. ஆனால் வாசனை போய்விட்டது. பெரியம்மா அடுப்பில் ரசம் தாளிப்பதும் பால் பொங்கி அடிபிடிப்பதும் அவருக்கு ஒன்றுதான். இதற்குத் தூள்தான் காரணம் என்று எந்த மருத்துவரும் எழுதிக் கொடுக்கவில்லை. நான் லேத் வாங்கியதைக் கேட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “மூக்குக்கு என்ன வச்சிருக்க?” என்பதுதான்.

தொழிற்சாலைக்காவது சட்டம் இருக்கிறது. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் நாட்டின் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களையும் உள்ளடக்குகிறது. வீட்டு முன்வாசலில் ஞாயிற்றுக்கிழமை கிண்ணம் கடைபவரைச் சோதிக்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை.

எவ்வளவு தூள் அதிகம்? பிரிட்டனில் கடின மரத்தூளுக்கு வேலையிட வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 3 மில்லிகிராம். 40 கன மீட்டர் கொள்ளளவுள்ள மூடிய அறையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டு முன்வாசல் அளவுதான். அதை அந்த வரம்புக்குக் கொண்டுபோக 120 மில்லிகிராம் நுண்தூள் போதும். சமையலுக்குப் போடும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைவிடக் குறைவு. உப்புத்தாளை வைத்து ஐந்து நிமிடம் தேய்த்தால் அதைப்போலப் பல மடங்கு பறக்கும்.

கண்ணுக்குத் தெரிந்து காலடியில் சுருள் சுருளாக விழும் சீவல் நமக்கு எதிரி அல்ல. கூரான உளி சீவலைத்தான் தரும். மழுங்கிய உளியும் உப்புத்தாளும்தான் மாவு தரும். அந்த மாவில் நாம் பார்க்கும் மாவும் கெடுதல்தான். அது மூக்கிலேயே நின்றுவிடும். தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான் என்றால், நுரையீரலின் ஆழம்வரை போகக்கூடியது 5 மைக்ரானுக்கும் குறைவான துகள்தான். அசையாத காற்றில் 10 மைக்ரான் துகள் ஓர் ஆள் உயரத்திலிருந்து தரைக்கு வரச் சில நிமிடங்கள் ஆகும். 1 மைக்ரான் துகளுக்குப் பாதி நாள் ஆகும். நம் வீட்டில் காற்று எப்போது அசையாமல் இருந்திருக்கிறது? மின்விசிறி சுற்றினால் அது இறங்கவே இறங்காது.

இதோடு மரத்துக்கு மரம் குணம் வேறு. தேக்கு, அங்சானா போன்றவற்றின் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் மூச்சில் ஒவ்வாமையையும் தரும். ரெங்காஸ் இன்னும் மோசம். அதன் பால் பட்டாலே கொப்பளிக்கும். மா, முந்திரிக் குடும்பத்தைச் சேர்ந்த மரம் அது. பார்க்கச் சிவப்பும் கறுப்புமாக அவ்வளவு அழகு. யாராவது சும்மா கொடுத்தாலும் நான் வாங்குவதில்லை.

என்95 போதாதா?

2015, 2019 புகைமூட்டத்தின்போதும் பெருந்தொற்றின்போதும் நாம் எல்லாரும் என்95 முகமூடியோடு பழகிவிட்டோம். அது மோசமான பொருள் அல்ல. முகத்தோடு ஒட்டி இருந்தால் 95 விழுக்காட்டுத் துகளைத் தடுக்கும். அந்த ‘ஒட்டி இருந்தால்’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தைப்பூசத்துக்கு விரதம் இருந்து தாடி வளர்ப்பவருக்கு அது ஒட்டாது. மூக்குக் கண்ணாடி போட்டவருக்குப் புகைபோல மூடிக்கொள்ளும். சுழலும் மரத்தின் முன் கண் தெரியாமல் நிற்பது தூளைவிட உடனடியான ஆபத்து. நம் ஊர் வெயிலில் இருபது நிமிடத்தில் முகமூடி நனைந்துவிடும். பிறகு கை தானாகவே அதைக் கீழே இழுக்கும். கழற்றி வைத்த முகமூடி எத்தனை விழுக்காடு தடுக்கும் என்பதற்கு ஆய்வு வேண்டாம்.

அதோடு, என்95 பறந்துவரும் மரத்துண்டைத் தடுக்காது. கடைசல்காரருக்கு இரண்டும் வேண்டும்: முகத்துக்குத் தடுப்பு, மூச்சுக்கு வடிகட்டி. பேட்டரியில் ஓடும் சுவாசக் கவசம் இந்த இரண்டையும் ஒன்றாகத் தருகிறது. 1970களில் பிரிட்டனில் சுரங்கத் தொழிலாளிகளை மனத்தில் வைத்து ‘ஏர்ஸ்ட்ரீம்’ என்ற தலைக்கவசம் உருவானது. தலைக்கவசத்துக்குள்ளேயே விசிறி, வடிகட்டி, முகத்தகடு மூன்றையும் அடக்கிவிட்ட அந்த யோசனையின் வாரிசுகளைத்தான் இன்று மரம் கடைவோர் போடுகிறார்கள்.

வேலை செய்யும் விதம் எளிது. விசிறி வெளிக்காற்றை வடிகட்டி வழியாக இழுத்து, நெற்றிக்கு மேலிருந்து முகத்தின்மீது விடுகிறது. உள்ளே காற்றழுத்தம் வெளியைவிடக் கொஞ்சம் அதிகம். ஆகவே தாடையோரமும் கன்னத்தோரமும் உள்ள இடுக்குகளில் காற்று வெளியேதான் போகும், தூள் உள்ளே வராது. முகத்தோடு இறுக்கமாக ஒட்ட வேண்டியதில்லை என்பதால் தாடியும் மூக்குக் கண்ணாடியும் தடை அல்ல. முகத்தில் சதா ஒரு மெல்லிய காற்று. கிள்ளான் வெயிலில் அது ஒரு வரம்.

ஆனால் அந்தக் காற்று போதிய அளவு வர வேண்டும். அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு இத்தகைய தளர்வான கவசத்துக்கு நிமிடத்துக்குக் குறைந்தது 170 லிட்டர் கேட்கிறது. சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு ஏழெட்டு லிட்டர்தான் சுவாசிக்கிறார், பிறகு ஏன் 170? பெருமூச்சு இழுக்கும் அந்த ஒரு நொடியில் தேவை பல மடங்கு ஏறும். அந்த நொடியில் விசிறி பின்தங்கினால் அழுத்தம் தலைகீழாகி, இடுக்கு வழியாகத் தூள் உள்ளே வந்துவிடும். கவசத்தின் உயிர் வடிகட்டியில் பாதி, காற்றோட்டத்தில் பாதி. பராமரிப்பு என்பது இந்த இரண்டையும் காப்பாற்றுவதுதான்.

வாங்கும்போது

இரண்டு வகை உண்டு. டிரெண்ட் ஏர்ஷீல்ட் ப்ரோ போன்றவற்றில் எல்லாமே தலையில். எடை ஏறக்குறைய ஒரு கிலோ. முதல் வாரம் கழுத்து புகார் செய்யும். 3எம் வெர்சாஃப்ளோ போன்றவற்றில் விசிறியும் பேட்டரியும் இடுப்பு வாரில் இருக்கும், அங்கிருந்து குழாய் தலைக்கு ஏறும். நாள் முழுக்க வேலை செய்பவருக்கு இடுப்பு வகைதான் நல்லது. ஆனால் அந்தக் குழாய் முதுகுப் பக்கமாகவே போக வேண்டும். சுழலும் மரத்தின் அருகே தொங்கும் எதுவும் ஆபத்து. நான் சனி ஞாயிறில் சில மணி நேரம் கடைபவன், எனக்குத் தலை வகையே போதும்.

ஐரோப்பியத் தர எண் இஎன் 12941. அதில் டிஎச்1, டிஎச்2, டிஎச்3 என்று மூன்று நிலை. பிரிட்டனில் இவற்றுக்குக் கொடுக்கும் பாதுகாப்பு அளவு முறையே 10, 20, 40. அதாவது டிஎச்2 கவசத்தைச் சரியாக அணிந்தால் உள்ளே இருக்கும் தூள் வெளியே இருப்பதில் இருபதில் ஒரு பங்குதான். அமெரிக்கப் பொருளில் நியோஷ் ஒப்புதல் எண் இருக்கும். இணையத்தில் நூற்றைம்பது வெள்ளிக்கு ‘மின்விசிறி முகமூடி’ என்று விற்பவற்றில் இந்த எண் எதுவும் இல்லாவிட்டால், அது முகத்தில் கட்டிய காற்றாடிதான். தூளை இன்னும் வேகமாக ஊட்டும்.

விலையைக் கேட்பதற்கு முன் உதிரிப் பொருளைக் கேளுங்கள். வடிகட்டி, முகத்தகட்டின் மேல் ஒட்டும் மெல்லிய படலம், தாடையோரத் துணி, பேட்டரி ஆகிய நான்கும் இங்கே கிடைக்குமா, எத்தனை நாளில் வரும்? பதில் தெளிவாக இல்லாவிட்டால் கவசம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வேண்டாம்.

முகத்தகட்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் எழுத்தையும் பாருங்கள். இஎன் 166 தரத்தில் ‘பி’ என்றால், 6 மில்லிமீட்டர் எஃகுக் குண்டு நொடிக்கு 120 மீட்டர் வேகத்தில் மோதினாலும் தாங்கும். கேட்கப் பெரிதாக இருக்கிறது, ஆனால் அந்தக் குண்டின் எடை ஒரு கிராம்கூட இல்லை. 30 சென்டிமீட்டர் அகலக் கிண்ணம் நிமிடத்துக்கு 600 சுற்று சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 34 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதிலிருந்து 300 கிராம் துண்டு பிய்ந்து வந்தால், அந்தக் குண்டைப்போல இரு மடங்கு ஆற்றல். சுற்றை 1,200 ஆக்கினால் எட்டு மடங்குக்கு மேல். எனவே கவசம் போட்டுவிட்டோம் என்று வேகத்தைக் கூட்டக் கூடாது. கடைசல்காரர்களிடையே ஒரு பழைய கணக்கு உண்டு: அங்குலத்தில் அகலத்தைச் சுற்று எண்ணால் பெருக்கினால் 6,000க்கும் 9,000க்கும் இடையே இருக்க வேண்டும். 12 அங்குலக் கிண்ணத்துக்கு 500 முதல் 750. லேத்தை முடுக்கும்போது கிண்ணத்துக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நிற்பதற்கு எந்தக் கவசமும் மாற்று அல்ல.

போடுவதும் கழற்றுவதும்

ஒவ்வொரு முறையும் போடுவதற்கு முன் காற்றோட்டத்தைச் சோதிக்க வேண்டும். பெரும்பாலான நல்ல கவசங்களோடு ஒரு சிறு குழல் வரும். அதற்குள் ஒரு பந்தோ மிதவையோ இருக்கும். விசிறியை ஓடவிட்டுக் குழலைப் பொருத்தினால் அது கோட்டுக்கு மேலே ஏற வேண்டும். ஏறாவிட்டால் பேட்டரி இறங்கிவிட்டது அல்லது வடிகட்டி அடைத்துவிட்டது. அரை நிமிட வேலை இது. இதைத்தான் பலர் முதலில் விட்டுவிடுகிறார்கள், குழல் எங்கே என்றுகூடத் தெரியாது. என்னுடையதை மோட்டார் சைக்கிள் சாவிபோலக் கவசத்தோடு நூலில் கட்டி வைத்திருக்கிறேன்.

விசிறியைப் போட்ட பிறகே தலையில் மாட்ட வேண்டும். கழற்றிய பிறகே விசிறியை நிறுத்த வேண்டும். தாடையோரத் துணி தாடைக்கு அடியில் உட்கார வேண்டும். சட்டைக் காலர் அதைத் தூக்கிவிடக் கூடாது. வேலை செய்யும்போது காற்று குறைந்தாலோ எச்சரிக்கை ஒலி வந்தாலோ அங்கேயே கழற்றாமல், லேத்தை நிறுத்திவிட்டு வெளியே போய்க் கழற்றுங்கள்.

எப்போது கழற்றுவது என்பது இன்னும் முக்கியம். உப்புத்தாள் தேய்த்து முடித்தவுடன் “அப்பாடா” என்று கவசத்தைத் தூக்கிக் கிண்ணத்தை ஊதிப் பார்ப்பது எல்லாருக்கும் இயல்பாக வரும். மேலே சொன்ன கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்: லேத் நின்றுவிட்டது, நுண்தூள் நிற்கவில்லை. பெருக்கும்போது அது மறுபடி எழும்பும். எனவே லேத்தை நிறுத்துவது, கிண்ணத்தைத் துடைப்பது, தரையைச் சுத்தம் செய்வது, வேலைச்சட்டையை உதறுவது எல்லாம் முடிந்து, கடைசியாகத்தான் கவசம். துடைப்பத்தைவிட ஈரத் துடைப்பான் நல்லது.

வடிகட்டி, தகடு, பேட்டரி

வடிகட்டியைக் கொசுவலையாக நினைத்துவிட வேண்டாம். அது ஒழுங்கற்ற இழைகளின் காடு. பல வடிகட்டிகளில் இழைகளுக்கு மின்னேற்றமும் இருக்கும். துகள் பக்கத்தில் போனாலே ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் கழுவினால் அந்த ஏற்றம் குறையலாம். காற்றுக் குழாய் வைத்து ஊதினால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். மேசையில் தட்டினாலும் இழை விலகலாம், ஓரப்பசை விடலாம். சுத்தமாகத் தெரியும், காற்றும் முன்பைவிட நன்றாக வரும், தூளும் அதோடு சேர்ந்து வரும். முன்னால் உள்ள கரடான முன்வடிகட்டியைச் சில நிறுவனங்கள் சுத்தம் செய்ய அனுமதிக்கின்றன; கையேட்டில் அப்படி எழுதியிருந்தால் மட்டும் செய்யுங்கள். முக்கிய வடிகட்டிக்கு ஒரே பராமரிப்புதான்: மாற்றுவது.

எத்தனை நாளைக்கு ஒருமுறை? ஒரே பதில் கிடையாது. ரப்பர் மரம் தேய்ப்பவருக்கும் வாரம் ஒரு பச்சை மரக் கிண்ணம் கடைபவருக்கும் ஒன்றாகாது. குழல் சோதனையில் புது பேட்டரியோடும் பந்து ஏறவில்லை என்றால் காலம் வந்துவிட்டது. வடிகட்டி நனைந்தாலோ கிழிந்தாலோ உடனே மாற்ற வேண்டும். மாட்டிய தேதியைப் பென்சிலால் ஒரு ஒட்டுத்தாளில் எழுதிக் கவசத்தின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். நினைவை நம்பினால் ‘போன மாதம்தானே’ என்பது ஒரு வருடமாகிவிடும்.

இன்னொரு சோதனைக்குக் காசு வேண்டாம். அரை மணி நேரம் தேய்த்த பிறகு முகத்தகட்டின் உட்பக்கத்தில் விரலால் தடவுங்கள். மாவு ஒட்டினால் எங்கோ கசிகிறது. வடிகட்டி ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா, அதன் ரப்பர் வளையம் பிசகியிருக்கிறதா, தாடைத் துணியின் மீள்பட்டி தொய்ந்துவிட்டதா என்று அந்த வரிசையில் பாருங்கள். பெரும்பாலும் தாடைத் துணிதான்.

முகத்தகடு பாலிகார்பனேட். அடியைத் தாங்கும், கீறலைத் தாங்காது. உலர்ந்த துணியால் தூளைத் துடைத்தால் உப்புத்தாள் தேய்ப்பதுபோலத்தான். குழாய்த் தண்ணீரில் தூளை ஓடவிட்டு, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு, பிறகு மெல்லிய மென்துணி. தின்னரும் அசிட்டோனும் கிட்டவே வரக் கூடாது. பட்டால் மயிரிழை போன்ற வெடிப்புகள் விழும், அப்புறம் அடி தாங்காது. தகட்டின் மேல் ஒட்டும் மெல்லிய படலம் தனியாகக் கிடைக்கும். கீறல் விழுந்தால் உரித்துவிட்டு வேறு ஒட்டலாம். பலமான அடி ஒன்று பட்டால், வெடிப்பு தெரியாவிட்டாலும் தகட்டை மாற்றிவிடுங்கள்.

தின்னர் என்றதும் ஒன்று. இந்தக் கவசத்தில் உள்ளது தூள் வடிகட்டி. வார்னிஷ், லேக்கர் அடிக்கும்போது வரும் ஆவியை அது தடுக்காது. ஆவி நேராக உள்ளே வந்து முகத்தில் வீசும். அதற்கு வேறு வகை வடிகட்டி வேண்டும். கிண்ணத்துக்குப் பூச்சு போடுவதைத் திறந்த வெளியில் வைத்துக்கொள்வதே சுலபம்.

பேட்டரிக்கு எதிரி வெப்பம். லித்தியம் பேட்டரியை முழுதாக ஏற்றி, வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் விட்டுவைத்தால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். ஒரு மாதம் கடையப்போவதில்லை என்றால் பாதி ஏற்றத்தில், வீட்டுக்குள், குளிர்ந்த இடத்தில் வையுங்கள். உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள். குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

அந்நிய நாட்டுக் கையேடுகள் எழுதாத பராமரிப்பு ஒன்று இங்கே உண்டு, நம் ஈரக்காற்று. வேர்வையில் நனைந்த நெற்றிப்பட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடினால் அடுத்த வாரம் பூஞ்சை. பட்டியைக் கழற்றித் துவைத்து, நிழலில் காயவைத்து, பிறகே உள்ளே வைக்க வேண்டும். காய்ந்த பின் மூடி போட்ட பெட்டியில் இரண்டு சிலிக்கா பொட்டலம் போதும். இடுப்பு வகை வைத்திருப்பவர்கள் குழாயை முன்வாசலில் தொங்கவிட வேண்டாம். நம் வீட்டுக் குளவிகளுக்குக் கூடு கட்ட அதைவிட வசதியான ஓட்டை கிடைக்காது.

கவசம் போடாதவர்கள்

இத்தனையும் செய்தால் காப்பாற்றப்படுவது ஒருவர்தான்: கவசத்துக்குள் இருப்பவர். எங்கள் வீட்டில் இளையவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. அவளுடைய இன்ஹேலர் சாப்பாட்டு மேசையிலேயே இருக்கும். என் தலையில் மின்விசிறி சுற்றுவதால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை. எனவே தூளைப் பிறக்கும் இடத்திலேயே குறைப்பதுதான் முதல் வேலை. உளியைக் கூராக வைத்திருந்தால் உப்புத்தாளுக்கு வேலை பாதியாகும். தேய்க்கும்போது கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் தூள் குழம்பாகிக் கீழே ஒழுகும், பறக்காது. லேத்தின் பின்னால் தூள் இழுக்கும் குழாயை வைக்கலாம். ஆனால் அதன் பை மெல்லிய துணியாக இருந்தால் பெரிய தூளைப் பிடித்துக்கொண்டு நுண்தூளைத் தெருவெல்லாம் தூவும். அதிலும் நல்ல வடிகட்டி வேண்டும்.

நான் உப்புத்தாள் எடுக்கும்போது வீட்டின் முன்கதவும் சன்னலும் மூடப்பட்டிருக்கும்; நிற்கும் மின்விசிறி ஒன்று என் முதுகிலிருந்து கேட்டை நோக்கி வீசும். எதிர்வீட்டு அண்ணன் துணி காயப்போட்டிருந்தால் அன்று தேய்ப்பு இல்லை. வேலைச்சட்டை வீட்டுக்குள் வருவதில்லை. வெளியே ஒரு வாளி, அதில் தண்ணீர், நேராக அதற்குள்.

பிள்ளைகள் பார்க்க ஆசைப்படுவார்கள். மரம் வட்டமாகி வருவதைப் பார்ப்பதில் ஒரு மாயம் இருக்கிறது, அதை அவர்களுக்கு மறுக்க எனக்கு மனம் வராது. ஈர மரத்தில் உளி வைத்து நீளமான சீவல் பறக்கும் கட்டத்தில், கிண்ணத்துக்கு நேராக இல்லாத பக்கத்தில், பாதுகாப்புக் கண்ணாடியோடு மூன்று மீட்டர் தள்ளி நிற்கலாம். தரையில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். உப்புத்தாள் கையில் ஏறியதும் எல்லாரும் உள்ளே போய்விட வேண்டும். இளையவள் இப்போது நான் சொல்வதற்கு முன்பே, “அப்பா, மாவு வேலையா?” என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.